ஏழுமலையின் வலது தோள்

கோவில்பதாகை பக்கம் போய் ரொம்ப நாளாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஓரமாக ஒருக்களித்து உட்கார்ந்து போனேன். தெருமுனையில் இறங்கியதும் கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர்தான் முதலில் கண்ணில் பட்டது. புது பேனருக்கென்று ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி இருக்கும், வெயில் ஏற ஏற தலைவலியைக் கொண்டுவரும். பேனரில் தனம் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர் ஏழுமலை. அக்காவுக்கு அன்று பதினாறாம் நாள் காரியம். ஏழுமலை போய் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். இரண்டு பேரையும் நீல வானத்தில் மேகத்தின் மேல் ஜோடியாக நிறுத்தியிருந்தார்கள்.

அதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. நானே எத்தனையோ பேரை மேகத்தின் மேல் ஏற்றிவிட்டவன்தான். என்னை அங்கேயே நிற்க வைத்தது வேறு. ஏழுமலையின் தோள்கள் இரண்டும் நேராக இருந்தன. பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்துக் கோடு போட்டது போல அப்படி ஒரு நேர். ஏழுமலையின் வலது தோள் அப்படி இருக்கவே கூடாது. இத்தனைக்கும் நான் அந்த மனிதரை உயிரோடு பார்த்தது கிடையாது. ஆனால் அவர் படத்தில் இருக்கும் தோள் என்னுடையது.

குழப்பமாக இருக்கிறதா? எனக்கே சில சமயம் அப்படித்தான். காரியத்துக்கு இன்னும் ஆட்கள் சேரவில்லை போலிருந்தது. முனைக் கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, பேனரைப் பார்த்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஏழுமலை போன சமயம் நான் ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். மாடியில் இருந்தது. கீழே செருப்புக்கடை. முதலாளி ஜேம்ஸ் அண்ணன் கேமராவைப் பார்த்துக்கொள்வார், நான் கம்ப்யூட்டர். அம்பத்தூரில் ஒரு சென்டரில் போட்டோஷாப் படித்துவிட்டு, உலகத்தையே மாற்றிவிடப் போவதாக நினைத்துக்கொண்டு வந்தவன். மாற்றியது என்னவோ பருக்களையும் மருக்களையும்தான்.

இன்றைக்கும் எங்காவது பவுடர் வாசனை வந்தால் அந்த மாடிப்படி ஞாபகம் வந்துவிடும். உள்ளே நுழைந்ததும் ஒரு ஆள் உயரக் கண்ணாடி, நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, ஒரு பவுடர் டப்பா. ஊரே அந்த ஒரே பஞ்சில் பவுடர் போட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேம்ப்பிலிருந்து பட்டாளத்துப் பையன்கள் வருவார்கள். எந்தெந்த ஊரோ, எந்தெந்த பாஷையோ. சீருடையில் விறைப்பாக நின்று ஒன்று, பூந்தொட்டி பக்கத்தில் சாய்ந்து ஒன்று என்று வீட்டுக்கு அனுப்ப எடுத்துக்கொள்வார்கள். பெண் பார்க்கும் போட்டோவுக்கு வருகிறவர்கள் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு என் காதோடு, "கொஞ்சம் கலரா பண்ணிடுப்பா" என்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் அது கேட்டிருக்கும் என்று பிறகுதான் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. துபாய் போகிறவர்களுக்குக் கோட்டு வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே கோட்டு, அதுவும் கம்ப்யூட்டருக்குள்தான். கருநீலம், சிவப்பு டை. ஒல்லி, குண்டு எல்லாரையும் அதற்குள்ளேயே நுழைத்துவிடுவேன்.

அந்தக் கோட்டைப் போலவே ஒரு உடம்பும் இருந்தது. அது செத்தவர்களுக்கு.

இப்போது போல எல்லார் கையிலும் கேமரா இல்லாத காலம். ஒருவர் திடீரென்று போய்விட்டால் வீட்டில் மாட்டப் படம் இருக்காது. ரேஷன் கார்டிலிருந்தோ, வேலை செய்த இடத்து அடையாள அட்டையிலிருந்தோ, கல்யாண குரூப் போட்டோவில் நாலாவது வரிசையிலிருந்தோ ஒரு முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முகம் மட்டும்தான் இருக்கும். கழுத்துக்குக் கீழே முத்திரை, இல்லையென்றால் அடுத்தவர் தலை. ஒரு நாள் ஜேம்ஸ் அண்ணன், "டேய், நீயே வெள்ள சட்ட போட்டுக்கினு ஒக்காருடா. தலைய வெட்டிட்டு வெச்சிக்கலாம்" என்றார். உட்கார்ந்தேன். என் தலையை நானே வெட்டி எறிந்துவிட்டு, அந்த ஃபைலுக்கு 'பாடி' என்று பெயர் வைத்தேன். அதிலிருந்து ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வரை எத்தனையோ பெரியவர்கள் என் நெஞ்சோடும் என் சட்டையோடும் மாலை போட்டுக்கொண்டு சுவரில் இருந்தார்கள். அப்போது எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. முகத்தில் வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்திருக்கும், என் உடம்பில் இன்னொரு பக்கம். ஒத்துவராவிட்டால் உடம்பை அப்படியே கண்ணாடியில் தெரிவது போல பக்கம் மாற்றிவிடுவேன். சட்டைப் பை வலது பக்கத்துக்குப் போய்விடும். யாரும் கவனித்ததில்லை. அழுதுகொண்டு வருகிறவர்கள் பையையா பார்ப்பார்கள்? என் அம்மா மட்டும் ஒருமுறை கொரட்டூரில் தூரத்து உறவில் துக்கம் கேட்கப் போய்விட்டு வந்து, "உன் வெள்ள சட்டைய அந்தாளுக்கு இன்னாத்துக்குடா குடுத்த? மேல் பொத்தான்ல நான் போட்ட நீல நூலு அப்பிடியே கீது" என்று சண்டைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டார்.

அந்த நாட்களில்தான் தனம் அக்கா வந்தார். கூட அவருடைய தம்பி. அக்காவின் கணவர் ஏழுமலை வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். ஒரு விஷக் காய்ச்சலில் போய்விட்டார். கல்யாண ஆல்பம் இருந்திருக்கிறது. முந்தின மழைக்கு ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில் பக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகம் உரிந்து வந்தது. மிஞ்சியது கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை. தபால்தலை அளவுக்கு ஒரு முகம், மோவாயில் பாதி முத்திரை. நான் வழக்கம் போல முத்திரையைத் துடைத்து, முகத்தைப் பெரிதாக்கி, 'பாடி'யில் பொருத்தி, பெரிய பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வாங்க வந்த அக்கா படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேஜை மேல் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"மூஞ்சி அவுருதுதான். ஆனா இது அவுரு இல்ல."

தம்பிக்குக் கூச்சமாகிவிட்டது. "அக்கா, நல்லா கம்பீரமாதான கீறாரு மாமா?"

"அதான் சொல்றேன். யாரோ ஆபீசரு மாரி கீறாரு. இவுரு ஏண்டா சிலிண்டரு தூக்கப் போறாரு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பாக்கெட்டு ஏம்பா இந்தப் பக்கம் கீது?"

எனக்கு வேர்த்துவிட்டது. இத்தனை நாளில் கேட்ட முதல் ஆள். ஜேம்ஸ் அண்ணன் இருமினார்.

பாக்கெட்டு போகட்டும் என்று அக்காவே விட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது தோள். ஏழுமலை வலது தோளில் சிலிண்டரை வைத்துக்கொண்டுதான் மாடி மாடியாக ஏறுவாராம். வருஷக்கணக்கில் ஏறி அந்தத் தோள் இறங்கிப்போய்விட்டது. தெருக்கோடியில் வரும்போதே, முகம் தெரிவதற்கு முன்னால், அந்தச் சாய்வை வைத்தே இன்னார் என்று தெரிந்துவிடும். உடனே அக்கா சோறு போட எழுந்துகொள்வாராம்.

"எம்புள்ளைக்கு இன்னும் பேச்சே சரியா வரல. அவன் தலைய அங்க பள்ளத்துல வெச்சாதான் தூங்குவான். இனிமே அப்பன இந்தப் படத்துலதான் பாக்கப் போறான். யாரோ ஒருத்தன் தோள காமிச்சி, இதாண்டா உங்கப்பன்னு நான் சொல்லணுமா?"

அந்த யாரோ ஒருத்தன் நான்தான் என்பதை அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. ஜேம்ஸ் அண்ணன் சமாதானமாக, "யம்மா, செத்தவங்கள நிமித்தி ஒக்கார வெக்கிறதுதாம்மா வழக்கம். கூன வெச்சி யாராவது படம் போடுவாங்களா?" என்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போகமாட்டார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

முதலில் கம்ப்யூட்டரிலேயே தோளை இழுத்துப் பார்த்தேன். சட்டைக் காலர் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி ஒழுகியது. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "வேணாம்பா, பயமா கீது" என்றார். வேறு வழியில்லாமல் ஜேம்ஸ் அண்ணன் விளக்கைப் போட்டார். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக உடம்பைத் திருப்பாமல், குடை விளக்கைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபக்கம் வைத்தோம்.

அக்காவுக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது யாருடைய உடம்பு என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அங்கிருந்தபடியே சொல்ல ஆரம்பித்தார். "எறக்கு. இன்னும். அப்பிடி இல்லப்பா, நொண்டி மாரி கீது. தோளு மட்டும்." எனக்குத் தோளை இறக்கினால் தலையும் கூடவே சாய்ந்தது. தலையை நிமிர்த்தினால் தோளும் நிமிர்ந்தது. தம்பியை விட்டு அழுத்தச் சொன்னார். அவன் கோபத்தில் இருந்தானோ என்னவோ, ஸ்டூலோடு என்னைச் சாய்த்துவிடப் பார்த்தான்.

கடைசியில் அக்காவே எழுந்து வந்தார். தொடலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றார். வேறு ஆண்பிள்ளை, கணவர் போய்ப் பத்து நாள்கூட முழுசாக ஆகவில்லை. பிறகு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, என் வலது தோளில் கையை வைத்து அழுத்தினார். கழுத்துக்குப் பக்கத்தில் இல்லை, ஓரத்திலும் இல்லை. நடுவில், எலும்பு முடிகிற இடத்தில்.

"இங்க. இங்கதான் சிலிண்டர வெப்பாரு."

பின்னால் நகர்ந்து போய் ஜேம்ஸ் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அடையாள அட்டையை எடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அங்கிருந்து பார்த்தால் என் முகம் மறைந்து ஏழுமலையின் முகம் தெரிந்திருக்கும். அதற்குக் கீழே இறங்கிய தோள்.

"ஆங்," என்றார். "இப்பிடியே இரு. நவுராத."

நான் நகரவில்லை. அக்காவும் கையை இறக்கவில்லை. ஜேம்ஸ் அண்ணன் கேமராவில் விரலை வைத்தபடி அழுத்தாமலேயே நின்றார். கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைத்திருந்த மனிதர். விளக்குச் சூட்டில் என் முதுகில் வேர்வை ஊர்ந்தது. அக்கா அழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் அவருடைய கணவராக உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உபயோகமாக நான் வேறெங்கும் உட்கார்ந்ததாக நினைவில்லை.

அந்தப் படம்தான் அவர்கள் வீட்டில் மாட்டப்பட்டது. பாக்கெட்டு இடது பக்கம், தோள் வலது பக்கம் சரிவாக. அக்கா அதற்கப்புறம் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கி, ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்துப் பையனை வளர்த்தார். பையன் யுவராஜ். ஸ்கூலுக்குப் பாஸ்போர்ட் சைஸ் வேண்டுமென்றால் எங்கள் மாடிக்குத்தான் கூட்டிவருவார். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு குனிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நிமுந்து ஒக்காரு தம்பி. எம்புருசன் தோளு மாரியே ஆயிடப் போவுது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். கிளம்பும்போது பையனிடம், "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்பார்.

ஸ்டுடியோவை மூடியாகிவிட்டது. ஜேம்ஸ் அண்ணன் மகளோடு பெங்களூர் போய்விட்டார். பழைய கம்ப்யூட்டரோடு 'பாடி'யும் போயிற்று. நான் இப்போது கொரட்டூரில் ஒரு கல்யாண ஆல்பம் கம்பெனியில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மணப்பெண்களின் தோலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் ஒரே பெண் மாதிரி ஆகும்வரை தேய்க்க வேண்டும், அப்போதுதான் ஓகே சொல்கிறார்கள். இப்போது அதையும் ஏ.ஐ. மெஷினே செய்துவிடுகிறது. சில சமயம் அது ஆறு விரலைப் போட்டுவிடும். அந்த ஒரு விரலை எடுப்பதற்கு நான். கோபமெல்லாம் வருவதில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் ரயிலில் கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்கினால் தோளில் சுருக்கென்று வலிக்கும். இடது கையால் பிடித்துக்கொள்வேன்.

டீ ஆறிப்போய்விட்டது. காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே பெரிய படம். பேனரில் பார்த்த அதே ஜோடிப் படம்தான், மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். யுவராஜ் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல உயரம். அக்காவின் கண்கள். தலை மொட்டை அடித்திருந்ததால் சின்ன வயசு முகம் அப்படியே தெரிந்தது. கடைசி நாட்களில் அக்கா என்னைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னான்.

"படம் எப்பிடி மாமா கீது? நீங்கதான் சொல்லணும். நானே போன்ல போட்டது."

"நல்லா இருக்குப்பா," என்றேன். வேறென்ன சொல்வது? "பழைய படம் எங்கே? அப்பாவோடது?"

"அதையேன் கேக்கறீங்க. கரையான் புடிச்சி பாதி போயிடிச்சி மாமா. போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கினு ஃபிரேமோட தூக்கிப் போட்டுட்டோம். அப்புறம் ஆப்புல ஏத்துனேன். அப்பா அதுல கோணலா ஒக்காந்துகினு இருந்தாரு இல்ல? அதுவே கரெக்ட் பண்ணிக் குடுத்துடுச்சி. இப்ப பாருங்க, ஹீரோ மாரி கீறாரு."

சின்ன வயசிலிருந்து பார்த்த படம். கோணலாக இருக்கிறதே என்று அவனுக்கு எத்தனை நாளாகத் தோன்றியிருக்குமோ. அப்பாவுக்குச் செய்யக் கிடைத்த ஒரே மரியாதையாக அதை நேராக்கியிருக்கிறான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். போனில் எடுத்த அந்தப் பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டானாம்.

சொல்லலாமா என்று நினைத்தேன். காரிய வீடு, அம்மா போன துக்கம், இப்போது போய் இதை எதற்குக் கிளற வேண்டும் என்று பட்டது. உண்மையைச் சொன்னால், சொல்ல அலுப்பாகவும் இருந்தது. படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, வருகிறேன் என்று கிளம்பினேன். யுவராஜ் சாப்பிட்டுத்தான் போகணும் என்று பின்னாலேயே வந்தான். பந்தலுக்கு வெளியே வந்ததும் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா மாமா, ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நடக்கறீங்க? தோளு எறங்கிக் கீது. டாக்டராண்ட காமிச்சீங்களா?"

சொல்லிக்கொண்டே என் வலது தோளில் கையை வைத்துத் தூக்கிவிடப் பார்த்தான். கழுத்துக்குப் பக்கத்தில் இல்லை, ஓரத்திலும் இல்லை. அவன் அம்மா கை வைத்த அதே இடம்.

"உங்கப்பா இப்பிடித்தான்டா இருந்தாரு," என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். சிலிண்டர், மாடிப்படி, அடையாள அட்டை, ஸ்டூல், அவன் தலை வைத்துத் தூங்கிய பள்ளம். அவன் உள்ளே மாட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அம்மா சொன்னதே இல்லியே மாமா," என்றான்.

எதற்குச் சொல்லப் போகிறார்? அதுதான் சுவரில் இருந்ததே. தினமும் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று அக்கா நம்பியிருப்பார்.

உள்ளேயிருந்து யாரோ இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். யுவராஜ் போகவில்லை. என் தோளில் வைத்த கையையும் எடுக்கவில்லை, ஆனால் இப்போது தூக்கிவிடப் பார்க்கவில்லை. வெறுமனே வைத்துக்கொண்டிருந்தான். ஏழுமலையும் இல்லை, அக்காவும் இல்லை, அந்தப் படமும் இல்லை. நான் நகராமல் நின்றேன்.